எரிந்த போர்டுக்கு அபராதம் வாங்கிய பள்ளி நிர்வாகத்துக்கு

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கும்,

பிள்ளைகள் எலக்ட்ரானிக்ஸ் சாமான்களைத் தாங்களே இணைத்துப் பழகுவதற்கான டிங்கரிங் லேப் பற்றிய உங்கள் சுற்றறிக்கை சென்ற வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. சனிக்கிழமை லேப் வகுப்பு மறு அறிவிப்பு வரை நிறுத்தம். இனிமேல் ஆசிரியர் செய்துகாட்டுவதை மாணவர்கள் பார்த்தால் போதும், பொருட்களைத் தொடக் கூடாது. சேதமாகும் பொருளின் விலை பெற்றோரிடம் வசூலிக்கப்படும். கடைசி வரி வெறும் எச்சரிக்கை இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆர்டுயினோ போர்டை, அதாவது புரோகிராம் ஏற்றி விளக்கு, மோட்டார் போன்றவற்றை இயக்குகிற சின்ன கம்ப்யூட்டர் போர்டை, எரித்துவிட்டாள் என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் 650 ரூபாய் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்.

என் மகனும் அதே வகுப்பில்தான் படிக்கிறான். நான் ஊரில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டிவி, ஆம்ப்ளிஃபையர், இன்வெர்ட்டர் என்று எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பது தொழில். லேப் வந்த புதிதில் பெட்டிகளைப் பிரித்து அடுக்க என்னைக் கூப்பிட்டீர்கள், வந்தேன். அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகக் கூப்பிட்டீர்கள், அதற்கும் வந்தேன். இந்தச் சுற்றறிக்கை பற்றி நேரில் வந்து பேசியபோது மட்டும் "நிர்வாக முடிவு" என்று இரண்டு வார்த்தையில் அனுப்பிவிட்டீர்கள். முடிவு எல்லாப் பெற்றோருக்கும் பொதுவில் வந்ததால் என் பதிலும் பொதுவில் இருக்கட்டும்.

முதலில் அந்த போர்டு. பணம் கட்டியதும் "இனி இது உங்களுடையது" என்று அந்தப் பிள்ளையின் அப்பாவிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அவர் அதை என் கடைக்குக் கொண்டுவந்தார். யுஎஸ்பி கேபிளைச் செருகினேன், பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் போர்டை அடையாளம் கண்டது. புரோகிராம் ஏற்றினேன், ஏறியது. வயர் செருகுகிற முனையைப் பின் என்போம்; ஒவ்வொரு பின்னிலும் எல்இடி என்ற சின்ன விளக்கை வைத்துச் சோதித்துக்கொண்டே போனதில் 8-ஆம் எண் பின் மட்டும் அசையவில்லை. 14 டிஜிட்டல் பின்களில் அந்த ஒன்றுதான் போயிருக்கிறது. மற்ற 13-ம், 6 அனலாக் பின்களும் நன்றாகவே இருக்கின்றன. உங்கள் பதிவேட்டில் "எரிந்தது" என்று எழுதப்பட்ட போர்டு இப்போது என் மேஜையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னம்மா செய்தாய் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். பொம்மைக் காரில் இருக்கிற மாதிரி ஒரு சின்ன மோட்டார். அதன் ஒரு வயரை 8-ஆம் பின்னிலும் இன்னொன்றை கிரவுண்டிலும் செருகியிருக்கிறாள். அதே இடத்தில் எல்இடி எரிந்ததே, மோட்டார் ஏன் சுற்றாது என்பது அவள் யோசனை. எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல யோசனை வேண்டாம். ஆனால் போர்டின் மூளையாக இருக்கும் சிப்பின் பின் ஒன்று நிம்மதியாகக் கொடுக்கக்கூடியது 20 மில்லி ஆம்பியர் மின்சாரம். 40 மில்லி ஆம்பியர்தான் உச்ச வரம்பு என்று தயாரிப்பாளரின் விவரத்தாளே சொல்கிறது. பொம்மை மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது சில நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். அந்த 8-ஆம் பின் என்ன செய்யும், பாவம். நடுவில் துளி மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்குகிற பிடி 139 போல ஒரு டிரான்சிஸ்டர், அதன் பேஸ் என்ற காலில் மின்சாரத்தைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர், மோட்டாருக்குக் குறுக்கே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற 1என் 4007 டயோடு ஒன்று, மோட்டாருக்கென்று தனியாக பேட்டரி, இவ்வளவு இருந்தால் போதும். பேட்டரியை விட்டுவிட்டுப் பார்த்தால் சில்லறைக் காசுச் சாமான்கள்.

அதே மேஜையில் மாட்டிக் காட்டினேன். மோட்டார் சுற்றியது. உடனே, "டயோடு எதுக்கு அங்கிள்?" என்றாள். மோட்டாரை நிறுத்தும்போது அதன் சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நிற்காது, எதிர்த்து ஒரு வோல்டேஜைக் கிளப்பும், அது டிரான்சிஸ்டரைத் தாக்காமல் சுற்றிப் போக ஒரு வழி என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மோட்டார் ஓடும்போது அதே வழியா ஷார்ட் ஆகாதா?" என்று கேட்டாள். ஆகாது, ஓடும்போது டயோடு தலைகீழாக நிற்கிறது, அதன் வழியே எதுவும் போகாது. டிப்ளமோ முடித்துவிட்டு என் கடைக்கு வேலை கேட்டு வருகிற பையன்களில் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் அபூர்வம். இந்தப் பிள்ளையைத்தான் நீங்கள் அபராதம் கட்ட வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. அந்த போர்டில் இருக்கும் 28 கால் சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது, சால்டர் உருக்கி ஒட்டப்படவில்லை. ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்து நெம்பினால் கையோடு வந்துவிடும். ஆர்டுயினோவின் தொடக்க புரோகிராம் (பூட்லோடர்) ஏற்றிய புது சிப்பைப் பள்ளம் இருக்கும் பக்கம் பார்த்து வைத்து அழுத்தினால் போர்டு புதுசு. பள்ளிக்கு வந்த போர்டுகள் எல்லாமே இந்த வகைதான், அடுக்கியவன் நான். ஆர்டுயினோ என்ற போர்டே 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்தில், எலக்ட்ரானிக்ஸ் படித்திராத வடிவமைப்பு மாணவர்கள் கையில் கொடுப்பதற்காக உருவானது. விலை குறைவாக இருக்க வேண்டும், தெரியாதவர் தொட்டுப் பழக வேண்டும் என்று செய்தார்கள். வரைபடத்தையும் யாரும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். அதனால்தான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இன்றைக்கு அசல் போர்டைவிட மிகக் குறைந்த விலைக்கு நகல் போர்டு கிடைக்கிறது. தொட்டுப் பழகுவதற்கென்றே பிறந்த பொருளைத் தொடக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறீர்கள்.

சரி, ஏன் இப்படி ஒரு முடிவு வந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. காரணம் அந்த நீல அட்டை போட்ட ஸ்டாக் ரிஜிஸ்டர். பெட்டிகளை அடுக்கிய அன்றே அதைப் பார்த்தேன். முப்பரிமாண பிரிண்டர் ஒரு வரி. மல்டிமீட்டர் ஒரு வரி. அதற்குக் கீழேயே எல்இடி சிவப்பு 100, எல்இடி பச்சை 100, ரெசிஸ்டர் 220 ஓம் 200, ஜம்பர் வயர் இத்தனை என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. லட்ச ரூபாய்ப் பொருளுக்கும் ஒரு ரூபாய்ப் பொருளுக்கும் ஒரே கட்டம், ஒரே கையெழுத்து. தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்த்து, "எல்இடி 100 இருக்கணும், 83தானே இருக்கு" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது லேப் பொறுப்பில் இருக்கும் இயற்பியல் மிஸ். அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. பாடம், தேர்வுத்தாள், கூட்டம் என்று முழு வேலை பார்க்கிற ஒருவர் தலையில் இந்த ரிஜிஸ்டரையும் வைத்தால் அவர் செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம் ஒன்றுதான்: பூட்டு போடுவது. பூட்டு போட்டால் கணக்கு சரியாக இருக்கும்.

வேதியியல் லேப்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வருடா வருடம் தீர்கிறது. லிட்மஸ் தாள் தீர்கிறது. வாங்கிய அமிலம் எங்கே என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது தீரும் பொருள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்இடியும் ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் அதே ஜாதிதான். ஆர்டுயினோ போர்டையே கூட அந்தப் பக்கம்தான் எழுத வேண்டும் என்பேன். எலக்ட்ரானிக்ஸ் சாமான்கள் பளபளவென்று நுரைப்பெட்டியில் வந்து இறங்கியதால் நகைபோலத் தெரிந்துவிட்டது போல.

பணம் இல்லையா என்றால் அதுவும் இல்லை. 2016-இல் நிதி ஆயோக்கின் கீழ் அடல் புத்தாக்க இயக்கம் தொடங்கிய திட்டத்தில் வந்த லேப் இது. தேர்வாகும் பள்ளிக்கு மொத்தம் 20 லட்சம் ரூபாய் வரை. அதில் பாதி லேப் அமைக்க, மறுபாதி ஐந்து ஆண்டுகளுக்கு நடத்த. நடத்துவதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்குவது எதற்கு? சாமான் தீரும், உடையும், எரியும், மறுபடி வாங்க வேண்டும் என்று திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாடு முழுக்க 10,000 பள்ளிகளுக்கு இந்த லேப் போயிருக்கிறது. 2025 பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளில் அடுத்த ஐந்து ஆண்டில் இன்னும் 50,000 என்று அறிவித்தார்கள். அந்த 50,000-லும் இதே நீல ரிஜிஸ்டர் போய் உட்கார்ந்தால் 50,000 பூட்டு விற்கும், அவ்வளவுதான்.

பூட்டி வைத்தாலாவது பொருள் பத்திரமாக இருக்கிறதா? ஆயுத பூஜைக்கு லேப்பைத் திறந்து, பிரிண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தீர்கள். நானும் இருந்தேன். பூஜை முடிந்து பொரிகடலை கொடுக்கிற நேரத்தில் அலமாரியை ஒரு பார்வை பார்த்தேன். மல்டிமீட்டர் ஒன்றைத் திறந்தால் உள்ளே பேட்டரி கசிந்து, தொடுகம்பி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. பிரிண்டரின் பிளாஸ்டிக் இழை காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்து மொறுமொறுவென்று ஆகிவிட்டது, வளைத்த இடத்தில் படக்கென்று ஒடிந்தது. டிரோனுக்கான லித்தியம் பேட்டரி பொதி ஒன்று உப்பி நின்றது. அதை உடனே வெளியே எடுத்து மணல் வாளியில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன், செய்தார்களா தெரியாது. இவற்றில் எதையும் எந்தப் பிள்ளையும் தொடவில்லை. இவற்றுக்கெல்லாம் யாரிடம் அபராதம் வாங்குவது?

சுற்றறிக்கையில் "மாணவர் பாதுகாப்பு கருதி" என்று ஒரு வரி இருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலர் இந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

சால்டர் இல்லாமல் வயரைச் செருகிப் பழகுகிற துளைப் பலகையான பிரட்போர்டில் ஓடுவது 5 வோல்ட். கூடிப் போனால் 9 வோல்ட் பேட்டரி. உலர்ந்த கையால் தொட்டால் ஒன்றும் தெரியாது. தப்பாகச் செருகினால் எல்இடி ஒரு நொடி பளிச்சென்று எரிந்து அணையும், சிப் சுடும், அதிகபட்சம் ஒரு நூல் புகை வரும். சால்டரை உருக்குகிற சால்டரிங் அயர்ன் சுடும், உண்மை. ஈயம் சேர்ந்த சால்டர் 190 டிகிரிக்குள் உருகிவிடும், ஆனால் முனையின் சூடு 300 டிகிரிக்கு மேல். அதனால்தான் ஸ்டாண்டு, கண்ணாடி, திறந்த ஜன்னல், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவது என்று முறை இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பர்னரையும் அமிலத்தையும் கொடுக்கிற பள்ளிக்கு 25 வாட் அயர்னுக்கு முறை வகுக்கத் தெரியாதா? லித்தியம் செல்லை மட்டும் பூட்டி வையுங்கள், அதில் உங்களோடு நான் நிற்கிறேன். 230 வோல்ட் பக்கம் எந்தப் பிள்ளையும் போகக் கூடாது, அதிலும் உங்களோடுதான் நிற்கிறேன்.

ஆனால் நம் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய "ஸ்மார்ட் ஹோம்" மாடலை நினைவிருக்கிறதா? தெர்மாகோல் வீடு, போனில் தட்டினால் எரிகிற பல்பு. நடுவர் என்ற முறையில் அடியில் குனிந்து பார்த்தேன். நீலநிற ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள மாட்யூல், அதற்கு நேரடியாக 230 வோல்ட். ஸ்க்ரூ முனைகள் திறந்து கிடந்தன. ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள், சூட்டில் டேப் பாதி கழன்று தொங்கியது. அந்த மாட்யூலின் அடிப்பக்கத்தில் சால்டர் புள்ளிகள் மூடியே இருக்காது, ரிலேயில் 230 வோல்ட் கொடுத்தால் அந்தப் புள்ளிகளிலும் 230 வோல்ட் நிற்கும். பையன் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் தட்டிக்கொண்டிருந்தான். நான்தான் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். "சார், கெஸ்ட் வர்ற நேரம்" என்றார்கள்.

5 வோல்ட் பிரட்போர்டை ஆபத்து என்று நிறுத்துகிற அதே பள்ளி, 230 வோல்ட்டைத் திறந்து போட்ட மாடலை மேடையேற்றிப் பரிசும் கொடுக்கிறது. அந்த மாடலைப் பையன் செய்யவில்லை, புராஜெக்ட் செய்து விற்கிற கடையில் வாங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். லேப்பில் ஒரு தடவை ரிலேயைப் பிரித்துப் பார்த்திருந்தால் எந்தப் பக்கம் தொடக் கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அதுதானே பாதுகாப்பு?

கண்காட்சி பற்றிச் சொல்லத் தொடங்கியாயிற்று, முடித்துவிடுகிறேன். பக்கத்துப் பள்ளிகளும் வந்திருந்த அந்தக் கண்காட்சியில் பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் கைத்தடி இரண்டு வந்திருந்தன, இரண்டு வெவ்வேறு பள்ளிகளிலிருந்து. இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டிய சென்சார், ஒரே பஸ்ஸர், "ஆல்ட்ராசானிக்" என்று ஒரே பிழையோடு அச்சடித்த ஸ்டிக்கர். ஒரே கடை. இரண்டு மாணவர்களும் ஒரே பத்தியை மனப்பாடமாகச் சொன்னார்கள். அந்த சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வர ஆகிற நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுகிறது. 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை. இதைச் சரியாகச் சொன்னார்கள். "சரி தம்பி, முன்னால் ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தால்?" என்று கேட்டேன். முழித்தார்கள். துணி ஒலியைக் குடித்துவிடும், எதிரொலி ஒழுங்காக வராது; சுவர் சாய்வாக இருந்தாலும் ஒலி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். தானே செய்த பையனென்றால் வீட்டுக் கொடிக்கயிற்றில் முதல் நாளே இதைக் கண்டுபிடித்திருப்பான்.

கடைசி மேஜையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சோப்பு டப்பாவை வைத்துக்கொண்டு நின்றான். மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம். ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், ஒரு பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, இரண்டு வயர். தண்ணீர் இரண்டு வயரையும் தொட்டால் அதன் வழியே துளி மின்சாரம் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகும், பஸ்ஸர் கத்தும். பழைய சர்க்யூட்தான், யாரும் போடலாம். ஆனால் அவனுடைய வயரின் முனையில் எவர்சில்வர் ஸ்பூனின் காம்பு கட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். செப்புக் கம்பியை அப்படியே விட்டபோது முனை பச்சை பிடித்துக் கரைந்துவிட்டதாம், ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் கரைந்ததாம். பிளஸ் பக்கத்து வயர்தான் கரைந்தது என்று அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான். அப்புறம் மழைக்காலத்தில் தொட்டி மூடியில் ஈரம் கோத்து, தண்ணீர் ஏறாமலே கத்தியிருக்கிறது. என் கடைக்கு வந்து கேட்டுவிட்டு, டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கும் நடுவில் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்திருந்தான், சின்னக் கசிவெல்லாம் அது வழியாக ஓடிப்போய்விடும். பெட்டியின் உள்ளே சால்டர் கட்டிகட்டியாக, பார்க்க நன்றாகவே இல்லை. அவன் அலாரம் அவர்கள் வீட்டில் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

என் மதிப்பெண் தாளில் அவன் முதல். மொத்தக் கூட்டலில் ஆறுதல் பரிசு. "பிரசன்டேஷன் சரியில்லை, தெர்மாகோலாவது வைத்திருக்கலாம்" என்று ஒரு நடுவர் சொன்னார். அந்தப் பையன் ஒரு சாமான் கூட நம் லேப்பிலிருந்து வாங்கவில்லை. கேட்டிருக்கிறான், ரிஜிஸ்டரில் கையெழுத்து வேண்டும் என்றதும் வந்துவிட்டான். லேப் அவன் வகுப்புக்கு நேர் எதிரில் இருக்கிறது.

2016-இல் பிரிட்டனில் மைக்ரோபிட் என்ற சின்ன போர்டை, 11, 12 வயதில் இருந்த பிள்ளைகள் எல்லோருக்கும், ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, பிபிசி இலவசமாகக் கொடுத்தது. பள்ளிக்குக் கொடுக்கவில்லை, பிள்ளைக்குக் கொடுத்தது. வீட்டுக்கு எடுத்துப் போகலாம், அது அவர்களுடையது. அவ்வளவு செய்யச் சொல்லவில்லை நான். ஆனால் பொருள் யாருடையது என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலையும் நீங்கள் சொல்லும் பதிலையும் ஒரு நிமிடம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அபராதத்துக்கு வருகிறேன். 650 ரூபாய் பெரிய தொகையா என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளையின் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு அது ஒரு நாள் வருமானம், சில நாள் அதுவும் வராது. அதைவிட, வகுப்பில் அத்தனை பேர் முன்னால் பெயர் சொல்லி அழைத்து ரசீது கொடுத்திருக்கிறீர்கள். என் மகன் சொல்கிறான், அடுத்த நாளிலிருந்து பெண் பிள்ளைகள் யாரும் லேப் பக்கம் பேச்சையே எடுப்பதில்லை என்று. சனிக்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். "உனக்கெதுக்கு இந்த ஸ்க்ரூ டிரைவர் வேலை" என்று வீட்டில் சொல்ல ஆள் இருக்கும்போதும் பெயர் கொடுத்தவர்கள். வீட்டில் அந்த வாய்க்குப் புதுசாக ஒரு காரணம் கிடைத்துவிட்டது: "பார், காசு கட்ட வேண்டியதாயிற்று."

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். சில்லறையில் எல்இடி ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். ரெசிஸ்டர் ஒரு ரூபாய், மொத்தமாக வாங்கினால் பைசாவில். பிசி 547 இரண்டு மூன்று ரூபாய். 1972-இல் சந்தைக்கு வந்து இன்றைக்கும் விற்கிற 555 டைமர் ஐசி பத்து ரூபாய் சுற்றுவட்டாரம். ஒரு பிள்ளை வருடம் முழுக்க இஷ்டத்துக்கு எரித்தாலும் நூறு இருநூறு ரூபாயைத் தாண்டுவது கஷ்டம். போர்டு ஒன்றிரண்டு போகும், போகட்டும். கண்காட்சியன்று வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனருக்கு என்ன செலவானது என்று நான் கேட்கப் போவதில்லை.

இனி நான் கேட்பவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அந்த மாணவியின் 650 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். ரசீதை வகுப்பில் வைத்துக் கொடுத்ததால் பணத்தையும் வகுப்பில் வைத்தே கொடுங்கள். போர்டைப் பள்ளிக்கே திருப்பித் தரச் சொல்கிறேன், 8-ஆம் பின்னில் சிவப்பு மார்க்கர் வைத்துவிட்டால் இன்னும் பல வருடம் ஓடும். சேதத்துக்குப் பெற்றோரிடம் வசூல் என்ற விதியே இனி வேண்டாம். வேண்டுமென்றே உடைப்பவன் இருந்தால் அது ஒழுக்கப் பிரச்சினை, அதற்கு வேறு வழி உங்களிடம் இருக்கிறது.

ரிஜிஸ்டரை இரண்டாகப் பிரியுங்கள். பிரிண்டர், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு பதிவேட்டில். எல்இடி, ரெசிஸ்டர், கண்டன்சர், டிரான்சிஸ்டர், ஐசி, ஜம்பர் வயர், பிரட்போர்டு, சின்ன சென்சார், பேட்டரி எல்லாம் தீரும் பொருள் பதிவேட்டில். ஆர்டுயினோ போர்டில் மாதம் இத்தனை வரை சேதம் இயல்பு என்று நிர்வாகக் குழுத் தீர்மானம் ஒன்று போட்டுக் கையெழுத்திடுங்கள். அந்தக் காகிதம் இருந்தால் இயற்பியல் மிஸ் நிம்மதியாகத் தூங்குவார், பூட்டும் தானாகத் திறக்கும். திட்டத்தின் நடத்தும் செலவுப் பணத்தில் இதுவரை தீரும் பொருளுக்கு எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

சனிக்கிழமை வகுப்பு மறுபடி நடக்க வேண்டும், கூடவே வாரத்தில் ஒரு மாலையாவது லேப் சும்மா திறந்திருக்க வேண்டும். பாடம் நடத்த வேண்டாம், திறந்து வைத்தால் போதும். ஆறாம், ஏழாம் வகுப்புக்குப் பிரட்போர்டு மட்டும்; எட்டிலிருந்து சால்டரிங், ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். 230 வோல்ட்டும் லித்தியம் செல்லும் மாணவர் மேஜைக்கு வரக் கூடாது, கண்காட்சி மாடல்களிலும் கூடாது. இதை எழுதி லேப் கதவில் ஒட்டுங்கள். அலமாரியில் உப்பிப் போன பேட்டரி இன்னும் இருந்தால் இந்த மடலைப் படித்து முடித்த கையோடு வெளியே எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்த கண்காட்சியில் பரிசுக்கு வரும் ஒவ்வொரு மாடலிலும் நடுவர் முன்னால் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டுக் கொடுங்கள், மாணவர் அதைத் தேடிச் சரிசெய்யட்டும். கடையில் வாங்கிய மாடல்கள் அந்தப் பத்து நிமிடத்தில் தாமாகவே விலகிவிடும். தெர்மாகோலுக்கு மதிப்பெண் வேண்டாம்.

என் பங்குக்கு: கடையில் சேரும் பழைய ரேடியோ, டிவிடி பிளேயர், ஸ்பீக்கர் போர்டுகளை லேப்புக்கு இலவசமாகத் தருகிறேன். சால்டர் கழற்றிப் பழக அதைவிட நல்ல சரக்கு இல்லை, எரிந்தாலும் யாரும் கணக்குக் கேட்க முடியாது. பவர் சப்ளை போர்டுகளைத் தர மாட்டேன், அவற்றின் பெரிய கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். சனிக்கிழமை காலைகளில் சம்பளம் எதுவும் இல்லாமல் வந்து உட்காரவும் தயார். பஜாரில் இன்னும் இரண்டு மெக்கானிக்குகளும் மாறி மாறி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, அங்கேயே எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன். அபராதத் தொகை அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால், கூட்டத்தில் கையெழுத்திட ஒப்புக்கொண்ட பெற்றோர்களோடு சேர்ந்து மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுவாகக் கொடுப்போம். ரிஜிஸ்டர் பக்கங்களின் நகலையும் அதில் கேட்போம்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை,
எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்